கட்டுப்படாத ஆஸ்துமாவும் பீதித் தாக்குகளும்: 34 வயதுப் பெண் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

ஆறு மாதங்களுக்குள் நான்கு முறை, நான்கும் நள்ளிரவு கடந்த வேளையில், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட 34 வயதுப் பெண் ஒருவரின் நோய்க்கதை இது. இரண்டு முறை ஆஸ்துமா என்று முடிவுசெய்து நெபுலைசரும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். மற்ற இரண்டு முறை, "நெஞ்சில் ஒன்றும் இல்லை, எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தமக்கு இருப்பது நுரையீரல் நோயா, மன நோயா என்று கேட்டுக்கொண்டுதான் அவர் எங்களிடம் வந்தார். அந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல முயன்ற ஒவ்வொரு முறையும் அவருக்குத் தீங்கே நேர்ந்திருந்தது என்பது, பழைய மருந்துச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது தெளிவாயிற்று.

தனியொருவரின் அடையாளம் வெளிப்படாதிருப்பதற்காக, ஒத்த நிலையில் வரும் நோயாளிகளிடம் காணப்படும் கூறுகளை இணைத்து இந்த நோய்க்கதை அமைக்கப்பட்டுள்ளது. இதில் வரும் அளவீடுகளும் கற்பித்தலுக்காக அவ்வாறே அமைக்கப்பட்டவை. விவாதப் பகுதியில் சுட்டப்படும் ஆய்வுகள் மருத்துவ இலக்கியத்தில் உள்ளவை.

நோய் வரலாறு

ஏழு வயதில் தொடங்கிய இழுப்பு, பதின்ம வயதில் ஏறக்குறைய மறைந்து, 29ஆம் வயதில் ஒரு கடுமையான சளிக் காய்ச்சலுக்குப் பின் திரும்பியது. தாயாருக்குத் தோல் ஒவ்வாமை உண்டு. மனச்சோர்வுக்காகத் தாயார் சிகிச்சையும் பெற்றிருக்கிறார். இந்த இரண்டாவது செய்தியை எந்தக் கோப்பிலும் நாங்கள் காணவில்லை, கேட்டபிறகே நோயாளி சொன்னார்.

நோயைத் தடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் அவரிடம் இருந்தது. ஸ்டீராய்டு என்ற சொல்லின் மீதிருந்த அச்சத்தால் அதை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் எடுத்தார். மாறாக, உடனடி நிவாரணம் தரும் சால்பியூட்டமால் இன்ஹேலரை மாதத்துக்கு ஒன்று வீதம் தீர்த்துக்கொண்டிருந்தார். ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேல் நிவாரணி இன்ஹேலர்களைத் தீர்ப்பவர்களுக்குக் கடும் தாக்குதல் ஏற்படும் ஆபத்து கூடுகிறது என்றும், பன்னிரண்டைத் தொட்டால் உயிரிழப்பு ஆபத்தே கூடுகிறது என்றும் ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டு நெறிகள் எச்சரிக்கின்றன. அந்த எல்லையை அவர் தொட்டிருந்தார். கடந்த ஓராண்டில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் சில நாட்களுக்கு, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நாளுக்கு 40 மில்லிகிராம் வீதம் விழுங்கியிருந்தார். நான்கு மாதங்களுக்கு முன் மான்டெலுகாஸ்ட் என்ற ஆஸ்துமா மாத்திரை சேர்க்கப்பட்டது. இரண்டு மாதங்களுக்கு முன், படபடப்பும் கைநடுக்கமும் இருக்கிறதென்று அவர் சென்ற வேறோரிடத்தில், ஆஸ்துமா பற்றிக் கேட்காமலேயே, பதற்றத்துக்காக ப்ரொப்ரனலால் 20 மில்லிகிராம் இருவேளை எழுதித் தரப்பட்டது. நான்கு அவசர வருகைகளில் கடைசி இரண்டும் அந்த மாத்திரை தொடங்கிய பிறகு நிகழ்ந்தவை.

தம் மூச்சுத் திணறலை அவர் இரண்டு விதமாக விவரித்தார். சில இரவுகளில், "மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது" என்றார். வேறு சில இரவுகளில், "எவ்வளவு இழுத்தாலும் மூச்சு நிறையவில்லை, விரல் மரத்துப்போகிறது, இப்போதே செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது" என்றார். இவை வெவ்வேறு என்பதை அவரே கவனித்திருக்கவில்லை. சொற்களை மட்டும் வைத்து நாமும் பிரித்துவிட முடியாது. மூச்சுக்குழாய் சுருங்கி நுரையீரலில் காற்று தேங்கும்போதும் மூச்சு நிறையாத உணர்வு வரும்.

ஐந்து மாதங்களாக விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு, எதிலும் நாட்டமின்மை, குடும்பத்துக்குத் தாம் ஒரு சுமை என்ற எண்ணம், எடைக் குறைவு ஆகியவை இருந்தன. படிக்கட்டு ஏறுவதையும் தனியே வெளியே செல்வதையும் தவிர்த்தார். தற்கொலைத் திட்டம் எதுவும் இல்லை. ஆனால் தூங்கி எழாமல் போனால் நல்லது என்று சில இரவுகளில் தோன்றியதாக, நேராகக் கேட்டபோது, தலைகுனிந்தபடி சொன்னார். மூச்சுத் திணறலோடு வரும் ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்க எவருக்கும் தோன்றாதிருந்ததை நினைக்க இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

அளவீடுகள்

முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு 2.05 லிட்டர், அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கப்படுவதில் 68 விழுக்காடு. சால்பியூட்டமால் கொடுத்த பின் அது 2.42 லிட்டருக்கு உயர்ந்தது. அதாவது 18 விழுக்காடு, 370 மில்லிலிட்டர் ஏற்றம்; இது ஆஸ்துமாவை ஐயமின்றிக் காட்டுகிறது. மூச்சில் வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு 52 பிபிபி (நூறு கோடியில் 52 பங்கு), இரத்தத்தில் ஒவ்வாமையின்போது கூடும் வெள்ளணுக்களான ஈசினோஃபில் அணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 480. மூச்சுக்குழாயில் ஒவ்வாமை வகை அழற்சி அடங்காமல் இருந்தது என்பதே இவற்றின் பொருள். ஆஸ்துமா கட்டுப்பாட்டு மதிப்பெண் (கூடினால் நல்லது) 25க்கு 12.

மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 வினாத்தாளில் 27க்கு 17, பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7இல் 21க்கு 16. இரண்டும் சிகிச்சை தேவைப்படும் அளவுகள். குரல்நாண்கள் மூச்சின்போது தவறாக மூடிக்கொள்ளும் கோளாறும் இப்படிப்பட்ட தோற்றத்தைத் தரும் என்பதால் குரல்வளையை நோக்கிப் பார்த்தோம், அங்கே குறையில்லை. தைராய்டு, இதய மின்வரைபடம் ஆகியவையும் இயல்பாகவே இருந்தன.

எங்கள் கண்காணிப்பில் இருந்த மூன்று நாட்களில் இரண்டு தாக்குகள் நேரிட்டதால், மருந்து கொடுக்கும் முன்பே அளக்க வாய்ப்புக் கிடைத்தது. இந்த நோய்க்கதையின் திருப்பம் அங்கேதான் இருக்கிறது. முதல் தாக்கில் பீக் ஃப்ளோ, அதாவது பலமாக ஊதும்போது மூச்சு எட்டும் உச்ச வேகம், நிமிடத்துக்கு 410 லிட்டர். அவருடைய சிறந்த அளவு 430 என்பதால் இதில் குறையேதும் இல்லை. நிமிடத்துக்கு 30 மூச்சு. தமனி இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 24 மில்லிமீட்டர் பாதரசம் என்று தாழ்ந்திருந்தது; அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 7.54, ஆக்சிஜன் அழுத்தம் 112. நெஞ்சில் இழுப்புச் சத்தம் இல்லை. இது மிகைமூச்சோடு வந்த பீதித் தாக்கு. மறுநாள் இரவு நேரிட்ட இரண்டாவது தாக்கில் பீக் ஃப்ளோ 230, இரு நுரையீரல்களிலும் இழுப்புச் சத்தம், ஆக்சிஜன் அழுத்தம் 66. கார்பன் டை ஆக்சைடு அப்போதும் 32 என்று தாழ்ந்தே இருந்தது. ஆஸ்துமாவின் தொடக்கத்திலும் நோயாளி வேகமாக மூச்சு விடுவதால் அது தாழும். கடும் தாக்கில் அது இயல்பு நிலைக்குத் திரும்பினால் நோயாளி களைத்துப்போகிறார் என்று அஞ்ச வேண்டும். ஆகவே கார்பன் டை ஆக்சைடு தாழ்ந்திருப்பதை மட்டும் கண்டு பதற்றம் என்று முடிவுகட்டுவது ஆபத்தானது. இரண்டு தாக்குகளின்போதும் இது எது என்று அவரிடம் கேட்டோம். முதலாவதை ஆஸ்துமா என்றார். இரண்டாவதைப் பயம் என்றார்.

விவாதம்

ஆஸ்துமா உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருப்பது நன்கு நிறுவப்பட்ட ஒன்று. 17 நாடுகளில் 85,000 பேருக்கு மேல் ஆராய்ந்து 2007இல் வெளியான உலக மனநலக் கணக்கெடுப்பில், ஆஸ்துமா இல்லாதவர்களோடு ஒப்பிடும்போது மனச்சோர்வு நோய்களுக்கான வாய்ப்பு விகிதம் 1.6 ஆகவும் பதற்ற நோய்களுக்கானது 1.5 ஆகவும் இருந்தன. நாள்பட்ட நோய் வந்தால் மனம் சோர்வது இயல்புதானே என்று இதற்கு எளிதாக விளக்கம் சொல்லிவிடலாம். ஆனால் காலவரிசை அந்த விளக்கத்துக்கு முழுமையாக இடம் கொடுப்பதில்லை. சூரிச்சில் இளைஞர்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்துமா இருந்தவர்களுக்குப் பின்னாளில் பீதி நோய் கூடுதலாக வந்ததோடு, பீதி நோய் இருந்தவர்களுக்குப் பின்னாளில் ஆஸ்துமாவும் கூடுதலாகத் தலைதூக்கியது. பாதை இரு திசைகளிலும் ஓடுகிறது. 2019இல் வெளியான மரபணு ஆய்வொன்று, ஆஸ்துமாவுக்கும் மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கும் இடையே மரபுவழித் தொடர்பு இருப்பதைக் காட்டியது. இவருடைய தாயாரின் வரலாற்றை அந்த ஒளியில் மீண்டும் படித்தோம்.

மூச்சுக்குழாயைச் சுருக்கும் நரம்பு எது என்று பார்த்தால், உணர்ச்சி எந்த வழியாக நெஞ்சை எட்டுகிறது என்பது விளங்கும். மூளைத்தண்டிலிருந்து வரும் வாகஸ் நரம்பு அசிட்டைல்கோலினைச் சுரந்து மூச்சுக்குழாய்த் தசையைச் சுருக்குகிறது. 1968இல் லுபரெல்லோ என்ற ஆய்வாளரும் உடனிருந்தோரும் ஆஸ்துமா நோயாளிகள் 40 பேருக்கு வெறும் உப்புநீர் ஆவியைக் கொடுத்து, உங்களுக்கு ஒவ்வாத பொருள் இதில் இருக்கிறது என்று சொன்னார்கள். 19 பேருக்கு மூச்சுக்குழாய்த் தடை அளவிடத்தக்க வகையில் கூடியது. 12 பேருக்கு இழுப்போடு கூடிய முழுத் தாக்கே வந்தது. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் அட்ரோபினை முன்கூட்டியே கொடுத்தால் இந்த விளைவு எழவில்லை என்று அதே குழுவினர் அடுத்த ஆண்டு காட்டினார்கள். வெறும் சொல் ஒன்று தசையைச் சுருக்கியது. ஒரு நரம்பை மருந்தால் அடைத்தவுடன் சொல்லின் ஆற்றல் நின்றது. "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்பிய வேளைகளில் எங்கள் நோயாளியின் மூச்சுக்குழாயில் என்ன நடந்துகொண்டிருந்திருக்கக்கூடும் என்பதை இந்தச் சோதனையை அறிந்தவர் எளிதில் ஊகிக்கலாம்.

எதிர்த் திசையிலும் ஒரு வழி இருக்கிறது. உடலில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதை மூளை மூச்சுமுட்டலின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. பீதி நோய் உள்ளவர்களிடம் இந்த மூச்சுமுட்டல் எச்சரிக்கை மணி வேண்டாத நேரத்தில் அடிக்கிறது என்று மனநல மருத்துவர் டொனால்ட் க்ளைன் 1993இல் முன்மொழிந்தார். அச்சத்தின் இருப்பிடம் என்று பொதுவாகச் சொல்லப்படும் அமிக்டலாவில் கார்பன் டை ஆக்சைடால் ஏற்படும் அமிலத்தன்மையை நேரடியாக உணரும் வாயில்கள் இருப்பது 2009இல் எலிகளில் கண்டறியப்பட்டது. அதற்குப் பின் 2013இல் வந்த செய்தி வியப்பானது: இரு அமிக்டலாக்களும் பழுதடைந்து, வெளி ஆபத்துகளுக்கு அஞ்சாத மூவர்கூட, 35 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரு முறை உள்ளிழுத்தவுடன் பீதியடைந்தார்கள். உடலுக்குள்ளிருந்து எழும் மூச்சு அச்சத்துக்கு மூளையில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ளன என்றே இதைப் புரிந்துகொள்ள வேண்டும். குழந்தைப் பருவத்திலிருந்து உண்மையாகவே பலமுறை மூச்சு முட்டியவருக்கு அந்த எச்சரிக்கை மணி மெல்லிய தொடுகைக்கே அடிக்கப் பழகிவிடுவதில் வியப்பில்லை.

பீதியில் விடும் வேகமூச்சும் தீங்கற்றதன்று. வறண்ட குளிர்ந்த காற்று வேகமாகப் பாய்ந்து மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்சுகிறது; கார்பன் டை ஆக்சைடு குறைவதும் தசைச் சுருக்கத்தைத் தூண்டுகிறது; முழுதாக மூச்சை வெளிவிட நேரமில்லாததால் காற்று உள்ளே தேங்குகிறது. ஆஸ்துமா உள்ளவரிடம் பீதித் தாக்கு சில நிமிடங்களில் உண்மையான தாக்காக மாறிவிடக்கூடும். பீதி என்று உறுதியானாலும் அவரைத் தனியே விட்டு நகரக் கூடாது என்று நாங்கள் கருதுவது இதனால்தான்.

அழற்சியின் பங்கு மெதுவானது, ஆனால் ஆழமானது. உடலில் அழற்சிப் பொருட்கள் கூடினால் மனம் சோர்கிறது என்பதை, ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் அழற்சிக்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலருக்கு வந்த மனச்சோர்வு எடுத்துக்காட்டியது. இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் இரத்த வழியாகவும் வாகஸ் நரம்பு வழியாகவும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. செரட்டோனின் உருவாகத் தேவையான ட்ரிப்டோஃபான் வேறு வழியில் திருப்பிவிடப்படுகிறது. ஆஸ்துமாவில் மேலோங்கும் அழற்சி இன்டர்லூக்கின்-4, 5, 13 ஆகியவற்றைச் சார்ந்த வேறு வகையானது என்பதால் இந்த விளக்கத்தை அப்படியே பெயர்த்து வைக்க நான் தயங்குகிறேன். எனினும் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்து 2005இல் வெளியான ஒரு சிறு ஆய்வு நம் கவனத்துக்குரியது. ஒவ்வாமைப் பொருளை உள்ளிழுத்த நோயாளிகளுக்கு ஆஸ்துமா தொடர்பான சொற்களைக் காட்டியபோது, முன் சிங்குலேட், இன்சுலா ஆகிய மூளைப் பகுதிகள் கிளர்ந்தன; அந்தக் கிளர்ச்சி மூச்சுக்குழாய் அழற்சியோடும் நுரையீரல் செயல்பாட்டோடும் இணைந்து நின்றது. அதே பல்கலைக்கழகத்தில் 2002இல், மாணவர்கள் தேர்வு நெருக்கடியில் இருந்தபோது அதே அளவு ஒவ்வாமைப் பொருள் அவர்களின் சளியில் கூடுதலான ஈசினோஃபில் அணுக்களை வரவழைத்தது.

இதனோடு சேர வேண்டியது, 2006இல் மில்லர், சென் என்ற ஆய்வாளர்கள் ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம் கண்டது. நாள்பட்ட மன அழுத்தமும் அண்மைய அதிர்ச்சியொன்றும் சேர்ந்திருந்த குழந்தைகளின் வெள்ளணுக்களில், ஸ்டீராய்டை ஏற்கும் ஏற்பியின் மரபணுச் செய்தி 5.5 மடங்கும், சால்பியூட்டமால் செயல்படும் பீட்டா-2 ஏற்பியின் செய்தி 9.5 மடங்கும் குறைந்திருந்தன. ஆஸ்துமாவை அடக்கும் இரண்டு முதன்மை மருந்துகளும் வந்து அமரும் இருக்கைகள் அவை. இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் கேட்கவில்லை என்று சொல்லும் நோயாளியின் வாழ்வில் என்ன நடக்கிறது என்று கேட்பது, அன்பு சார்ந்த உபசாரம் என்பதைத் தாண்டி, நோயறிதலின் ஒரு பகுதியாகிறது.

இனி மருந்துகள். இந்த நோயாளியின் நிலை மோசமானதில் அவற்றுக்கே பெரும் பங்கு இருந்தது. சால்பியூட்டமால் கைநடுக்கத்தையும் படபடப்பையும் தரும். அளவுக்கு மேல் எடுத்தவரின் உடல் பதற்றத்தின் உடலைப் போலவே நடந்துகொள்ளும். அந்தப் படபடப்பைக் கண்டு கொடுத்த ப்ரொப்ரனலால் பீட்டா-2 ஏற்பியை அடைத்து மூச்சுக்குழாயைச் சுருக்கியது. உதவிக்கு எடுத்த சால்பியூட்டமாலின் வழியையும் அதுவே மறித்தது. ஆஸ்துமாவில் இதைத் தவிர்க்க வேண்டும் என்பது புதிய அறிவன்று. எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மான்டெலுகாஸ்டைப் பொறுத்தவரை, மனநலம் சார்ந்த பக்க விளைவுகள் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 மார்ச்சில் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்க்கச் செய்தது. இவருக்குக் கொடுங்கனவுகள் தொடங்கியது அந்த மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரத்தில். பிரெட்னிசோலோனின் மன விளைவு அளவைப் பொறுத்தது. பாஸ்டனில் மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்த 1972ஆம் ஆண்டு அறிக்கையில், இதே வகை ஸ்டீராய்டான பிரெட்னிசோனை நாளுக்கு 40 மில்லிகிராமும் அதற்குக் கீழும் எடுத்தவர்களில் 1.3 விழுக்காட்டினருக்கும், 80க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 விழுக்காட்டினருக்கும் மனநலப் பாதிப்பு வந்தது. இவர் எடுத்த அளவில் ஆபத்து சிறிதுதான். ஆனால் ஆண்டுக்கு நான்கு தவணை என்பது வேறு கணக்கு.

சிகிச்சையும் தொடர்ச்சியும்

ப்ரொப்ரனலாலை இரண்டு நாட்களில் குறைத்து நிறுத்தினோம். மான்டெலுகாஸ்டை உடனே நிறுத்தினோம். தடுப்புக்கும் நிவாரணத்துக்கும் ஒரே இன்ஹேலராக, ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் சேர்ந்த பியூடெசோனைடு-ஃபார்மோடெரால் தரப்பட்டது. அச்சம் எழுந்து எடுக்கும் ஒவ்வொரு உறிஞ்சலிலும் அழற்சிக்கான மருந்தும் உள்ளே சென்றுவிடும் என்பது இவரைப் போன்றவர்களுக்கு இதிலுள்ள தனி நன்மை. உறிஞ்சும் முறையில் இருந்த பிழையைத் திருத்த இரண்டு அமர்வுகள் தேவைப்பட்டன.

மனநல மருத்துவரோடு கலந்து, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான செர்ட்ராலின் மாத்திரையை 25 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரத்துக்குப் பின் 50 ஆக்கினோம். முதல் நாட்களில் படபடப்பு சற்றுக் கூடலாம் என்று முன்பே சொல்லிவைத்தோம். சொல்லாவிட்டால் அந்தப் படபடப்பையே இவர் தாக்கு என்று எண்ணி மாத்திரையை விட்டிருப்பார். இவ்வகை மருந்து ஆஸ்துமாவுக்கும் உதவுமா என்பதற்கு, 90 பேரிடம் நடந்து 2005இல் வெளியான சிட்டலோப்ராம் ஆய்வு ஒரு குறிப்பைத் தருகிறது: மனச்சோர்வு மதிப்பெண்ணில் போலி மாத்திரையிலிருந்து தெளிவான வேறுபாடு காட்டாவிட்டாலும், அந்த மருந்தை எடுத்தவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை குறைவாகவே தேவைப்பட்டது. எண்ணங்களையும் நடத்தையையும் பேச்சின் வழியாக மாற்றும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு அமர்வுகள் நடந்தது. மூச்சுப் பயிற்சி வாழ்க்கைத் தரத்தை உயர்த்தும், நுரையீரல் அளவீட்டை மாற்றாது என்பதை அவருக்கு மறைக்காமல் சொன்னோம்.

எல்லாவற்றினும் கூடுதலான நேரத்தைச் செலவிட்டது ஒரு சிறு நோட்டில். மூச்சு முட்டும்போது, இது எது என்று தமக்குத் தோன்றுகிறதோ அதை முதலில் எழுத வேண்டும். பிறகு பீக் ஃப்ளோ ஊத வேண்டும். 345க்குக் கீழே இருந்தால் உடனே இன்ஹேலர். 215க்குக் கீழே இருந்தால் இன்ஹேலரோடு மருத்துவமனை. 345க்கு மேல் இருந்தால் அமர்ந்து மெதுவாக மூச்சை வெளிவிட்டு, பத்து நிமிடம் கழித்து மீண்டும் ஊத வேண்டும். ஐயம் இருந்தால் எந்த அளவிலும் இன்ஹேலர் எடுக்கத் தடையில்லை. ஊத முடியாத அளவுக்குத் திணறினால் அளவீடு வேண்டாம், உதவியை அழைக்க வேண்டும்.

ப்ரொப்ரனலாலை நிறுத்திய ஒன்பதாம் நாளுக்குள் இரவு இழுப்பு குறைந்தது. கொடுங்கனவுகள் இரண்டு வாரங்களில் நின்றன. ஆனால் மனச்சோர்வு அசையவில்லை. மருந்தின் பக்க விளைவு மட்டுமே என்று எண்ணி நாங்கள் காத்திருந்தால் தவறியிருப்போம். பன்னிரண்டாம் வாரத்தில் முதல் நொடிக் காற்றளவு 2.54 லிட்டர், நைட்ரிக் ஆக்சைடு 27, ஆஸ்துமா கட்டுப்பாட்டு மதிப்பெண் 20, பிஹெச்க்யூ-9 மதிப்பெண் 9, ஜிஏடி-7 மதிப்பெண் 9. எல்லாவற்றையும் ஒருசேர மாற்றியதால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு நோய்க்கதை போதாது.

ஐந்தாம் மாதத்தில் வைரஸ் சளி ஒன்று வந்து பீக் ஃப்ளோ 240க்கு இறங்கியது. பிரெட்னிசோலோன் ஐந்து நாள் தேவைப்பட்டது. மூன்றாம் நாள் தூக்கமின்மையும் எரிச்சலும் தலைகாட்டின. இம்முறை அவரே அதை மருந்தின் விளைவு என்று அடையாளம் கண்டு அழைத்துச் சொன்னார். மனநல மருத்துவர் அன்றே பேசினார். தவணை முடிந்து நான்கு நாட்களில் தூக்கம் திரும்பியது.

அந்த நோட்டின் முதல் மாதப் பக்கங்களில் 11 தாக்குகள் பதிவாகியிருந்தன. ஊதுவதற்கு முன் அவர் எழுதிய ஊகம் ஐந்தில் மட்டுமே பீக் ஃப்ளோவோடு ஒத்துப்போனது. பன்னிரண்டாம் மாத வருகையின்போது, முந்தைய மூன்று மாதங்களில் மொத்தம் ஆறு தாக்குகள் இருந்தன; ஐந்தில் அவருடைய ஊகம் சரியாக இருந்தது. செர்ட்ராலின் தொடர்கிறது. நோட்டின் முதல் பக்கத்தில், எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதலில் காட்டுவதற்காக, ப்ரொப்ரனலாலின் பெயரைச் சிவப்பு மையில் அவரே எழுதி, அதன் கீழே இரண்டு கோடுகள் போட்டிருக்கிறார்.